கைத்தொலைபேசியில் தமிழ் எழுத்து

எழுதுங் கருவி மாறுந்தோறும் ஒரு மொழியின் எழுத்துஞ் சோதனைக்குள்ளாகின்றது. ஓலையும் எழுத்தாணியுமே கருவியாயிருந்த காலத்தில், ஏடு கிழியுமென அஞ்சி மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாது விட்டனர் நம் முன்னோர். எகர ஏகாரங்கள் வடிவால் வேறுபட்டில. ரகரமுங் காலும் ஒன்றுபோல நின்றன. அத்தகைய ஏடுகளைப் படித்து அச்சிற் கொணர முற்பட்ட ஆறுமுக நாவலரும், 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் எய்திய இடர்ப்பாட்டினை அறிஞர் அறிவர். அச்சு நிலைபெற்றபின் அம்மயக்கம் பெரும்பாலும் நீங்கிற்று. இன்று மூன்றாங் கருவியாகிய கைத்தொலைபேசி நம் கையில் உளது. அது தமிழெழுத்துக்கு ஆக்கஞ் செய்கின்றதா, கேடு செய்கின்றதா என்பதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

வெள்ளவத்தையிற் காலி வீதியோரத்துப் பேருந்துத் தரிப்பிடத்திலோ, கொட்டாஞ்சேனையில் ஒரு தனியார் வகுப்பின் வாயிலிலோ சற்று நின்று நோக்குவார்க்கு ஓருண்மை புலனாகும். மாணவர் தம்முட் பேசுவது தமிழ்; விரலால் எழுதி அனுப்புவதுந் தமிழே; எழுத்து மாத்திரம் ஆங்கிலம். பி, ஏ, எல், ஏ, எம் என்னும் ஐந்தெழுத்தைப் பெற்றவன் அதனைப் பலம் எனக் கொள்வதா, பழம் எனக் கொள்வதா, பாலம் எனக் கொள்வதா? இடம் நோக்கியே உணர்கின்றான். குறில் நெடில் வேறுபாடும், லகர ளகர ழகர வேறுபாடும், ரகர றகர வேறுபாடும் அங்கே ஒருங்கே மறைகின்றன. ‘தமிழ்’ என்னும் பெயருந் தன் சிறப்பெழுத்தை இழந்து ‘தமில்’ ஆகின்றது.

ஓலைக்காலத்தாரும் இடம் நோக்கியே உணர்ந்தனரன்றோ எனச் சிலர் வினவலாம். அவர் புள்ளியை விட்டது ஏட்டின் இயல்பு கருதியாகும். நம் கருவிக்கோ அத்தகைய இயலாமை யாதுமில்லை. இன்றைய கைத்தொலைபேசிகளில் தமிழ் விசைப்பலகையைத் தனி விலையின்றியே பெறலாம். இருந்தும் மாணவர் அதனை விரும்பாமை ஏன்?

தாய்மொழிப் பற்றின்மையே காரணமென முடிவு செய்தல் எளிது. ஆயின் அது பொருந்தாது. பற்றில்லாதவன் ஆங்கிலத்திலேயே எழுதிவிடுவான். எமக்குத் தோன்றுங் காரணங்கள் இரண்டு. கொழும்பு மாணவன் ஒரே கருவியில் மூன்று மொழியினரோடும் உரையாடுகின்றான். வரிக்கு வரி பலகையை மாற்றுதல் அவனுக்குத் தொல்லையாகின்றது. இஃது ஒன்று. மற்றையது இதனினும் ஆழமானது. தமிழெழுத்தில் எழுதினாற் பிழை வெளிப்படும். ஆங்கில எழுத்தில் எழுதினாற் பிழை மறைந்துகொள்ளும். ‘வருகிறன்’ என்று வாயாற் கூறுவதற்கு நாணாதவன், அதனைத் தமிழில் எழுத நாணுகின்றான். தமிழெழுத்தென்றாற் செந்தமிழே எழுதல்வேண்டும், பிழைபட்டாற் சிவப்பு மையே கிடைக்கும் என்னும் அச்சத்தை அவன் உள்ளத்தில் ஊன்றியவர் ஆசிரியராகிய நாமே.

மாணவரைக் கடிந்துரைக்குமுன் முதியோர் குற்றத்தையும் எண்ணுதல் வேண்டும். ஈழத்து அச்சகங்கள் பலவற்றிற் பெருவழக்காயிருந்து இன்றும் மறையாதுள்ள ‘பாமினி’ எழுத்துரு, கண்ணுக்குத் தமிழாகத் தோன்றினுங் கணினியின் நினைவில் தமிழன்று. அவ்வெழுத்துருவில் ‘தமிழ்’ என்னுஞ் சொல்லை, ஜே, கே, பி, ஓ என்னும் நான்கெழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகவே கணினி பதிந்துவைக்கின்றது. யான் முன்னர்த் தட்டச்சிட்டு வைத்த கட்டுரையொன்றை அண்மையிற் கைத்தொலைபேசியில் திறந்தபோது தமிழெழுத்தொன்றுங் காணேன். பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே கண்டேன். மாணவன் வெளிப்படையாகச் செய்வதனை யாம் பல்லாண்டு மறைவாகச் செய்துவந்தோம். அவன் எழுத்தையாவது படித்துணரலாம். எமது எழுத்தோ எழுத்துருவில்லாவிடத்துப் படிக்கவும் இயலாது, தேடவும் இயலாது.

இதற்கு மாற்று நெடுங்காலமாக உளது. 1991இல் வெளிவந்த யூனிகோட் என்னும் ஒருங்குறி முறை, தமிழுக்கு 2944 முதல் 3071 வரையுள்ள 128 இடங்களை ஒதுக்கிற்று. அதன்படி அகரத்தின் எண் 2949. ழகரத்தின் எண் 2996. எந்நாட்டுக் கருவியிலும் அவ்வெண் அவ்வெழுத்தையே குறிக்கும். அம்முறையிலுங் குறையுண்டு. தனிமெய்யை ஓரெழுத்தாகக் கொள்ளாது, உயிர்மெய்யும் புள்ளியுமென இரண்டாகப் பகுத்தமை தமிழிலக்கணத்துக்கு ஏலாதென்பார் உளர். அவர் கூற்றிற் பொருளுண்டு. தமிழ்நாட்டரசு 2010இல் ஒருங்குறியோடு ‘டேஸ் 16’ என்னும் வேறொரு முறையையும் ஏற்றமைக்கு இத்தகைய குறைபாடுகளே காரணம். எனினும் உலகமெங்குஞ் செல்லும் நாணயம் ஒருங்குறியே. குறையுள்ள பொது எழுத்து, குறையற்ற தனியெழுத்தினும் பயன் மிக்கது.

இது வெறுங் கருவியாராய்ச்சியன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததனை மறவாத சமுதாயம் நாம். அதன் பின்னரே, 2005இல் தொடங்கிய நூலகம் போன்ற மின்னூற்றொகுப்புக்களின் அருமை நமக்கு விளங்கிற்று. தீயால் அழிந்த ஏட்டுக்கு இரங்குவோம். தேடியுங் கிடையாவண்ணம் நாமே பொதிந்துவைக்கும் ஏட்டுக்கு இரங்குவார் யார்?

ஆதலின் இரண்டு செயல்களை வேண்டிக்கொள்கின்றேம். இம்மலர் போன்ற ஆண்டு மலர்களின் மூலப்படிகளை ஒருங்குறியில் மாற்றிக் கல்லூரி நூலகத்திற் பேணுதல் ஒன்று. மாணவர் தம் நண்பர்க்கெழுதும் பேச்சுத் தமிழைத் தமிழெழுத்திலேயே எழுதும்படி ஊக்கி, ஆண்டுப் பிழை காணாதிருத்தல் மற்றொன்று. றகர ரகரம் மயங்கினும் அவன் எழுதுவது தமிழெழுத்தாயிருத்தல் வேண்டும். பிழையாக எழுதியவனைத் திருத்தலாம். எழுதாதே விட்டவனைத் திருத்துதற்கு வழியில்லை.