பல மடங்கு

கலிங்கத்துப்பரணியின் சந்தத்தில் நானும் மயங்கியிருக்கிறேன். கல்லூரி நாட்களில் விடுதி மொட்டை மாடியில் நின்று அதை உரக்க வாசித்ததுண்டு. போர் முடிந்த களத்தில் பேய்கள் கூழ் அடும் பகுதியில் யானை மத்தகம் அடுப்பாகிறது, செத்தவர்களின் பல் அரிசியாகிறது. அந்த குரூர ஹாஸ்யத்துக்கு ஈடாகத் தமிழில் அதிகம் இல்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் இப்போது படிக்கும்போது ஒரு சாதாரணக் கேள்வி குறுக்கே வந்து நிற்கிறது. எத்தனை பேர்? பரணிக்கு அந்தக் கவலை இல்லை. ஆயிரம் யானைகளைப் போரில் வென்றவனுக்குப் பாடுவது பரணி என்பது இலக்கணம். யானைக்குக் கணக்கு உண்டு. அதன்மேல் இருந்தவனுக்கும் பக்கத்தில் நடந்தவனுக்கும் இல்லை. யானை உடைமை, உடைமைக்குத்தான் கணக்கு. தோற்றவர் பெயரையே நூலுக்கு வைக்கும் மரபைப் பெருந்தன்மை என்று நம் பண்டிதர்கள் சிலாகிக்கக்கூடும். பறித்த கொடியைத் தன் வாசலில் நடுவதும் பெருந்தன்மைதானா? ஜயங்கொண்டாரைக் குற்றம் சொல்லவில்லை. மரபு கேட்டதை அவர் அபாரமாகச் செய்தார். கேள்வி, மாடியில் நின்று வாசித்த எனக்கு.

அதே மண்ணில், குலோத்துங்கனின் படைக்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் முன்னால், வேறொருவன் கணக்குச் சொல்லியிருக்கிறான். அசோகனின் 13ஆம் பாறைக் கல்வெட்டு. சோழரையும் பாண்டியரையும் குறிப்பிடுவதால் நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுவது. சரித்திர ஆசிரியர்களிடமிருந்து பிடுங்கி அதை ஒரு பிரதியாகப் படித்துப் பார்க்கலாம். ஒன்றரை லட்சம் பேர் பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டார்கள். ஒரு லட்சம் பேர் அங்கே கொல்லப்பட்டார்கள். அதைப்போல் பல மடங்கு பேர் இறந்தார்கள்.

மூன்றாவது வாக்கியம்தான் என்னை நிறுத்துகிறது. வினை மாறுகிறது: கொல்லப்பட்டார்கள், பிறகு இறந்தார்கள். எண்ணும் அங்கே நின்றுபோகிறது. முதல் இரண்டும் முழு எண்கள், சேனாதிபதி யாரோ உருட்டித் திரட்டிக் கொடுத்தவை. மூன்றாவதற்கு வந்ததும் அரசனின் கணக்கு கைவிரித்துவிடுகிறது. காயத்தில், பட்டினியில், கொள்ளை நோயில், வழியில் விழுந்தவர்களை யார் எண்ணுவது? 'பல மடங்கு' என்பது அந்தக் கல்லில் உள்ள ஒரே உண்மையான எண் என்று எனக்குப் படுகிறது. கல்வெட்டு இன்னொன்றும் சொல்கிறது: தனக்கு ஒன்றும் நேராமல் பிழைத்தவனும், சிநேகிதனுக்கும் உறவினனுக்கும் நேர்ந்ததால் அடிபட்டவனே. அவனையும் சேர்த்தால் எந்தக் கணக்கும் முடியாது.

இதற்காக அசோகனைத் தலையில் வைத்துக் கூத்தாட வேண்டியதில்லை. அதே கல்வெட்டில், வருந்துகிறவனானாலும் தனக்கு பலம் உண்டு என்று காட்டுவாசிகளுக்கு எச்சரிக்கை விடுகிறான். கொண்டுபோன ஒன்றரை லட்சம் பேரைத் திருப்பி அனுப்பியதாக ஒரு வார்த்தை இல்லை. இன்னும் மோசமானது ஒன்று. இந்தக் கணக்கு கந்தஹாரில் கிரேக்கத்தில்கூட இருக்கிறது, ஷாபாஸ்கடியில் இருக்கிறது. கலிங்கத்திலேயே உள்ள தௌலியிலும் ஜௌகடாவிலும் இல்லை. அங்கே 13ஆம் கல்வெட்டை விட்டுவிட்டு, எல்லா மனிதரும் என் மக்கள் என்று வேறொன்றைப் பொறித்திருக்கிறார்கள். செத்தவர்களின் தொகை எல்லோருக்கும் சொல்லப்பட்டது, செத்தவர்களின் பிள்ளைகளைத் தவிர.

போர் பற்றிய நம் புதுக்கவிதைகளில் லட்சமும் கோடியும் தாராளமாகப் புழங்குகின்றன. நானே அப்படி ஒன்று எழுதி அச்சிலும் வந்தது. அந்த லட்சத்தை எனக்கு யார் கொடுத்தார்கள் என்று அன்று கேட்டுக்கொள்ளவில்லை. எண் என்பதும் எழுத்துதான், அதற்கும் ஓர் ஆசிரியன் உண்டு, அவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. விமர்சகன் படிமத்தைப் பிரித்துப் பார்க்கும் சிரத்தையோடு இதையும் பார்க்கலாம்.

பாஸ்ராவில், முதல் உலகப்போரில் மெசபடோமியாவில் செத்து, கல்லறை தெரியாத 40,000க்கும் மேற்பட்டவர்களுக்காக 1929இல் ஒரு நினைவுச்சின்னம் திறந்தார்கள். பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் பெயர் உண்டு. இந்தியப் படைப்பிரிவுகளில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர், மற்றச் சிப்பாய்களுக்கு இத்தனை பேர் என்று ஓர் எண். பரணியின் இலக்கணம் அங்கேயும் செல்லுபடியாகியிருக்கிறது, யானைக்குப் பதில் அதிகாரி. 1997இல் அந்தச் சின்னத்தைப் பெயர்த்து நாசிரியா சாலைக்குக் கொண்டுபோனார்கள்.

இவற்றைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021இல் தானே ஓர் அறிக்கை வெளியிட்டது. 45,000இலிருந்து 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்று ஒப்புக்கொண்டது. பெயரே பொறிக்கப்படாதவர்கள், ஒருவேளை எந்தச் சின்னமும் இல்லாதவர்கள், குறைந்தது 1,16,000 பேர், 3,50,000 வரை போகலாம். பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கர்களும் எகிப்தியர்களும், அவர்களில் பலர் படைக்குச் சுமை தூக்கியவர்கள். இரண்டு எண்களுக்கும் நடுவே மூன்று மடங்கு இருக்கிறது. அறிக்கை எழுதியவர்கள் அதை ஒரே எண்ணாக இழுத்து மூடாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள்.