திருந்த வேண்டியது பார்க்கிற கண்

நகையைக் கழற்றினால்தான் ஞானஸ்நானம் என்ற பழைய பெந்தெகொஸ்தே ஒழுங்கைக் கட்டிக்காக்க வேண்டும் என்று பிரசங்கங்களில் மறுபடியும் வாதாடுகிறார்கள். எடுத்துக்காட்டும் வசனப் பகுதிகள் நமக்குப் பழக்கமானவைதான்: 1 பேதுரு 3, 1 தீமோத்தேயு 2, 1 சாமுவேல் 16. வெளி அலங்காரத்தைவிட உள்ளான மனுஷனே மேல் என்ற போதனையில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதைச் சபைகள் நடத்திக்காட்டும் விதத்தைத்தான் ஏற்க முடியவில்லை.

இந்த ஒழுங்கால் நன்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். 1920களில் இலங்கையில் தோன்றிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் போன்ற சபைகளில் வெள்ளை உடுத்தி உட்கார்ந்துவிட்டால் கூலி வேலைக்குப் போகிறவரும் கடை முதலாளியின் மனைவியும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். பெண்ணுக்கு எத்தனை பவுன் என்று பேசி முடிக்கிற ஊர்களில், குண்டுமணித் தங்கம் இல்லாதவள் கூசாமல் ஆராதனைக்கு வருவது பெரிய காரியம்.

ஆனால் அந்த வசனங்கள் யாரைக் கண்டிக்கின்றன? ஈசாயின் வீட்டில் எலியாபைக் கண்டதும் இவன்தான் ராஜா என்று எண்ணிய சாமுவேலைத்தான் கர்த்தர் திருத்தினார். எலியாபின் முகத்திலும் உயரத்திலும் அவர் குற்றம் காணவில்லை. யாக்கோபு நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில் பொன்மோதிரம் போட்ட ஒருவன் சபைக்கு வருகிறான். மோதிரத்தைக் கழற்று என்று யாக்கோபு சொல்லவில்லை. அவனுக்கு நல்ல இடம் கொடுத்துவிட்டு, கந்தை கட்டிய ஏழையை ஒதுக்கினவர்களைத்தான் சாடுகிறார். இரண்டு இடத்திலும் திருந்த வேண்டியது பார்க்கிற கண். நம் சபைகளோ அந்தக் கண்ணை இன்னும் கூர்தீட்டி வைத்திருக்கின்றன. பொறுமையையும் இரக்கத்தையும் வாசலில் நின்று அளக்க முடியாது. காதையும் கழுத்தையும் ஒரு நொடியில் அளந்துவிடலாம். அதனால் ‘ஆவிக்குரியவள்’ யார், ‘பின்மாற்றக்காரி’ யார் என்று கம்மலே தீர்மானிக்கிறது.

பஸ்ஸை விட்டு இறங்கிச் சபைக்கு நடக்கும் வழியில் கம்மலைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொள்ளும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். துளை தூர்ந்துவிடாமலிருக்க ஈர்க்குச்சியை ஒடித்துச் செருகிக்கொள்கிறார்கள். வீட்டில் மாமியாருக்குப் பயம், சபையில் போதகருக்குப் பயம். இந்த ஒழுங்கு அவர்களுக்குச் சாந்தகுணத்தைத் தரவில்லை, ஒளித்து வைக்கத்தான் பழக்கியிருக்கிறது.

பாரம் முழுவதும் பெண்கள்மேல் விழுவதையும் பாருங்கள். பேதுரு பொன்னோடு சேர்த்து ஆடையையும்தான் சொல்கிறார். ஆனால் விலையுயர்ந்த சட்டையும் புதுக் காருமாக வருகிற சகோதரரை யாரும் தடுப்பதில்லை. முன்வரிசை அவருக்குக் காத்திருக்கிறது. பவுனாகக் கேட்காத வரதட்சணை ரொக்கமாகவும் மனையாகவும் கைமாறுகிறது. அதை விசாரித்துவிட்டா ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள்?

தென் திருவிதாங்கூரில் நாடார் கிறிஸ்தவப் பெண்கள் மேலாடைக்காக அடிபட்ட வரலாற்றை நாம் மறந்துவிடக் கூடாது. 1859இல் அரசு இறங்கி வரும்வரை, ஒரு பெண் உடம்பில் எதை அணியலாம் என்று மேல்சாதிக்காரர்களின் கண் தீர்ப்பளித்துக்கொண்டிருந்தது. அன்று லண்டன் மிஷன் அந்தப் பெண்களின் பக்கம் நின்றது. அந்தத் தீர்ப்புக் கண்ணை இன்று சபையே வாங்கிக்கொண்டால், அதற்கு எந்த வசனத்தை மேற்கோள் காட்டினாலும் எனக்கு அது அநியாயம்தான்.

அப்போஸ்தலர் 8இல் எத்தியோப்பிய மந்திரிக்கு வழியிலேயே ஞானஸ்நானம் கொடுத்த பிலிப்பு, அவர் அணிந்திருந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதாக வேதத்தில் இல்லை. நகை வேண்டாம் என்று ஒரு பெண் தானாக முடிவெடுத்தால் அது அவளுக்கும் கர்த்தருக்கும் நடுவே உள்ள காரியம். அதைச் சபையின் நிபந்தனையாக்க யாருக்கும் உரிமை இல்லை. உள்ளான மனுஷனைப் பற்றிப் பிரசங்கிக்கிறவர்கள், முதலில் வாசலில் நின்று காதைப் பார்ப்பதை நிறுத்தட்டும்.