மூல ஓலை எங்கே?

திருவெண்ணெய்நல்லூர் என்றால் உங்களுக்குச் சடையப்ப வள்ளலும் கம்பரும் ஞாபகம் வரலாம். எனக்கு ‘பேக்கப்’ ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள், விஷயம் இருக்கிறது.

பெரியபுராணத்தில் சுந்தரர் கல்யாணம் தெரியுமல்லவா? புத்தூரில் மாப்பிள்ளைக் கோலத்தில் இருக்கிறார். ஒரு கிழவர் வந்து, ‘நீ எனக்கு அடிமை, உன் தாத்தா எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறது’ என்கிறார். மாப்பிள்ளை ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டுவிட்டார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. கிழவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. ‘அவர் கிழித்தது படி ஓலை. மூல ஓலை பத்திரமாக இருக்கிறது’ என்று எடுத்து நீட்டுகிறார். சபையார் அதை அப்படியே நம்பிவிடவில்லை. தாத்தாவின் வேறொரு கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் தீர்ப்பு.

ஒரு பிரதி தனியாக இருக்கவேண்டும், அது சரியான பிரதிதானா என்று சோதிக்கவும் வேண்டும். கம்ப்யூட்டர்காரர்கள் இன்று காசு வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிற இரண்டு பாடமும் இதில் இருக்கிறது.

அதே ஊர்ப் பக்கம் சமீபத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நிற்க நேர்ந்தது. சான்றிதழுக்கு விண்ணப்பிக்க ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. “ராத்திரி ஷட்டரை இறக்கும்போது நல்லாத்தான் சார் இருந்துச்சு. காலைல பார்த்தா அதுவே அப்டேட் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கு. இப்ப பிரிண்டர் அசைய மாட்டேங்குது” என்றார். ஒரு பாட்டி, “யாரைக் கேட்டுப் போட்டுச்சாம்?” என்றார். நான் இதுவரை கேட்ட மென்பொருள் விமரிசனங்களில் மிகச் சிறந்தது இதுதான்.

சினிமாவுக்கும் நாவலுக்கும் விமரிசனம் எழுதுகிறோம். வருஷம் முழுக்க நம் வீட்டுக்குள் புகுந்து மேஜை நாற்காலியை இடம் மாற்றி வைத்துவிட்டுப் போகிற அப்டேட்டுக்கு மட்டும் ஏன் எழுதக் கூடாது?

முதலில் வசனம். 2015ல் விண்டோஸ் 10 வந்தபோது சிலருக்கு நிறுவுதல் பாதியில் நின்றது. காரணம் என்னவென்று திரையில் வந்த வாசகம்: ‘ஏதோ நடந்தது.’ தலைப்பும் அதுவே, விளக்கமும் அதுவே! வயிற்றுவலி என்று போனவனிடம் டாக்டர், ‘உங்களுக்கு ஏதோ ஆகியிருக்கிறது’ என்று சொல்லி ஃபீஸ் கேட்டால் எப்படி இருக்கும்?

அடுத்து, கதையில் ஓட்டை. 2018 அக்டோபர் 2 அன்று வெளியான விண்டோஸ் 10 அப்டேட்டை நான்கே நாளில் மைக்ரோசாஃப்ட் நிறுத்தி வைத்தது. சிலருடைய ஃபைல்களை அது அழித்துவிட்டது. இடம் போதாமல் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரை டி டிரைவுக்கு மாற்றுவோமே, அப்படி மாற்றியவர்களின் பழைய ஃபோல்டர் காலியாகத்தான் இருக்கும் என்று நினைத்து நீக்கிவிட்டது. காலியாக இல்லாதவையும் சேர்ந்து போயின. புகார் கொடுத்தவர்கள் பத்தாயிரத்தில் ஒருவர்தான் என்று நிறுவனம் கணக்குச் சொன்னது. சரி, அந்த ஒருவர் நீங்களாக இருந்தால்? இன்னொன்று: முன்னோட்டம் பார்த்த சிலர் வெளியீட்டுக்கு முன்பே இதைச் சொல்லியிருந்தார்கள். அதிகம் பேர் ஓட்டுப் போடாததால் அந்தப் புகார் கீழே அமுங்கிப் போனது. பொருள் தொலைந்தது உண்மையா என்பதைக் கூட்டத்தை எண்ணியா தீர்மானிப்பது? அதன் பிறகுதான் புகார் எவ்வளவு தீவிரமானது என்று குறிப்பிட இடம் வைத்தார்கள். திருத்தப்பட்ட பதிப்பு நவம்பர் 13ல் வந்தது.

தமிழனுக்கு என்றே ஒரு சின்னக் குறும்பும் உண்டு. விண்டோஸ் 2000 காலத்திலிருந்து கூடவே வந்த ‘லதா’ எழுத்துரு, விண்டோஸ் 10ல் ‘வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம்’ என்ற பட்டியலுக்குப் போய்விட்டது. லதாவில் அழகாகப் பக்கம் பிரித்த கடிதம் புது மெஷினில் வேறு எழுத்துருவில் திறந்து, வரிகள் மடங்கி, மூன்று பக்கம் நாலு பக்கமாகும். வைரஸ் என்று பயப்பட வேண்டாம். செட்டிங்ஸில் ‘ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ போய், தமிழ் சப்ளிமெண்டல் ஃபான்ட்ஸைச் சேர்த்தால் லதா திரும்பி வந்துவிடுவாள்.

‘அப்படியானால் அப்டேட்டே வேண்டாம்’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ உலகெங்கும் கம்ப்யூட்டர்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டதே, அதற்கான தடுப்பு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், அப்டேட்டாக வந்திருந்தது. போடாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். எனவே என் புகார் மருந்தின் மேல் அல்ல. தூங்குகிறவனை எழுப்பாமலே ஊசி போடுகிற பழக்கத்தின் மேல்.

சரி, போட்டாகிவிட்டது, தகராறு. என்ன செய்வது? முதலில் கையைக் கட்டிக்கொண்டு ஒருமுறை முழுதாக ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிரிண்டர், பென் டிரைவ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பாருங்கள். பிரிண்டர் மட்டும் சண்டித்தனம் செய்தால் அதன் டிரைவரை நீக்கிவிட்டுத் தயாரிப்பாளரிடமிருந்து புதிதாகப் போடுங்கள். (ஜெராக்ஸ் கடையில் இதில்தான் சரியானது, மூன்று மணி நேரம் போன பிறகு.) அப்டேட் ஹிஸ்டரியில் கடைசியாக வந்ததை நீக்கும் வழி உண்டு. விண்டோஸே பதிப்பு மாறியிருந்தால் பழையதற்குத் திரும்பச் சாதாரணமாகப் பத்து நாள் அவகாசம், அதற்குள் விழித்துக்கொள்ள வேண்டும். ஆரம்பத் திரையே வராவிட்டால் சேஃப் மோடு. பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணை இன்றே காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள். 2024 ஜூலை அப்டேட்டுக்குப் பிறகு சில மெஷின்கள் திடீரென்று அந்த எண்ணைக் கேட்டு நின்றன. அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே சேமித்து வைத்தவர்கள் சாவியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டியவர்கள்.

கடை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று: அப்டேட்டைச் சில வாரம் தள்ளிப்போட வசதி இருக்கிறது. பரீட்சை ரிசல்ட் வாரத்தில் அதைப் பயன்படுத்துங்கள். பிறகு மறக்காமல் போட்டுவிடுங்கள்.

2025 அக்டோபர் 14ல் விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச ஆதரவு முடிந்தது. தமிழக அரசு 2011லிருந்து மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்களில் பல இன்னும் நம் வீடுகளில் ஓடுகின்றன. ஆரம்ப வருஷங்களில் வந்தவற்றை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்றுக்கொள்ளாது. மெஷின் நன்றாக இருக்கிறது, பிராசஸருக்கு வயசாகிவிட்டது என்கிறார்கள். கல்யாணத்துக்கு வந்த தாத்தாவை வாசலிலேயே நிறுத்துகிற மாதிரிதான். லினக்ஸ் உள்ளே விடும், முயன்று பாருங்கள்.

எதைச் செய்வதற்கு முன்னாலும், பையன் முதல் பிறந்தநாள் படங்களும் பத்திர நகலும் வேறொரு டிஸ்க்கில் இருக்கின்றனவா, திறக்கின்றனவா என்று பாருங்கள். நம் ஓலையை யார் எப்போது கிழிப்பார்கள் என்று தெரியாது. சபையில் எடுத்து நீட்ட இன்னொன்று இருக்கவேண்டும்.