சைக்கிளில் ஓடும் ஊழிக்காலம்

செப்டம்பர் கடைசியில் மொன்றியலின் ஜான்-டலோன் சந்தைக்கு ஆப்பிள் வந்து இறங்கும். மக்கின்டோஷ், கோர்ட்லண்ட், லோபோ என்று கூடை கூடையாக. கடைக்காரர்கள் துண்டு வெட்டித் தட்டில் வைத்து, வருகிறவர் போகிறவரையெல்லாம் ருசி பார்க்கச் சொல்வார்கள். 1933இலிருந்து இந்த இடத்தில் சந்தை கூடுகிறது. பார்க்-எக்ஸ்டென்ஷனில் இருந்து சைக்கிளில் போய் நான் அந்தத் தட்டருகே நிற்கும்போதெல்லாம் ஒரு படம் ஞாபகத்துக்கு வரும். அதன் நாயகியின் பெயர் ஆப்பிள். அந்தப் படத்தில் எல்லோரும் சைக்கிளில்தான் போகிறார்கள்.

'டர்போ கிட்' 2015 ஜனவரியில் சண்டான்ஸ் விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. இந்த ஊர்க்காரர்களான பிரான்சுவா சிமார், அனூக் விசல், யோஆன்-கார்ல் விசல் மூவரும் சேர்ந்து எழுதி இயக்கிய படம். கனடாவும் நியூசிலாந்தும் கூட்டாகத் தயாரித்தது. கதை நடக்கும் ஆண்டு 1997. உலகம் அழிந்து கிடக்கிறது, மழை அமிலமாகப் பெய்கிறது. தண்ணீர் முழுவதும் ஸியூஸ் என்ற ஒற்றைக்கண்ணனின் பிடியில். இடிபாடுகளில் பொருள் பொறுக்கித் தண்ணீருக்கு மாற்றிப் பிழைக்கும் ஒரு பையன், தான் வாசித்த சித்திரக்கதை நாயகனின் கவசம் தற்செயலாகக் கையில் கிடைத்ததும் அந்தக் கொடியவனை எதிர்க்கப் புறப்படுகிறான். கதை இவ்வளவுதான்.

இந்தப் படம் வந்த 2015இலேயே மே மாதம் ஜார்ஜ் மில்லரின் 'மேட் மேக்ஸ்: ப்யூரி ரோடு' வந்தது. அங்கே எரிபொருளுக்காகக் கொலை விழுகிறது, லாரிகள் பாலைவனத்தையே அதிரவைக்கின்றன. மொன்றியல்காரர்களின் உலகத்தில் பெட்ரோல் என்ற பேச்சே இல்லை. மண்டையோட்டு முகமூடி போட்ட அடியாள்கூட மேட்டில் மூச்சு வாங்க மிதிக்கிறான். குறைந்த பணத்தில் எடுத்த படத்தின் வேடிக்கை என்று பலர் இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எனக்கு அப்படிச் சிரிப்பு வரவில்லை.

இலங்கைப் போரில் 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் எங்கள் யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோல் வரவில்லை, பேட்டரி வரவில்லை, மின்சாரமும் நின்றது. துளிப் பெட்ரோல் காட்டி ஸ்டார்ட் செய்த மோட்டார் சைக்கிள்கள் பிறகு மண்ணெண்ணெயில் புகைந்துகொண்டு ஓடின. மற்றதெல்லாம் சைக்கிள்தான். நோயாளி, விறகுக்கட்டு, அரிசி மூட்டை எல்லாம் அதன் கரியரில் போயின. 1995 அக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கியதால் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே பெயர்ந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, மழையில் உருட்டிக்கொண்டு போனதும் சைக்கிள்களைத்தான். இந்தப் படத்தின் இயக்குநர்கள் விளையாட்டாகக் கற்பனை செய்த 1990களை எங்கள் சனம் மிதித்தே கடந்திருக்கிறது.

அந்தக் கண்ணோடு பார்க்கும்போது படத்தின் பலம் இன்னும் கூடுகிறது. சைக்கிள் மனிதரின் உடம்பை மறைக்காது. வாகனத் துரத்தலில் நாம் பார்ப்பது இரும்பை. இங்கே முழங்காலைப் பார்க்கிறோம், வியர்வையைப் பார்க்கிறோம், துரத்துகிறவன் களைப்பதைப் பார்க்கிறோம். ஒளிப்பதிவு செய்த ஜான்-பிலிப் பெர்னியேதான், ஜான்-நிக்கோலா லப்பியுடன் சேர்ந்து 'ல மத்தோஸ்' என்ற பெயரில் இசையும் அமைத்தார். கண்ணும் காதும் ஒருவரிடமே இருந்ததாலோ என்னவோ, அந்த சிந்தசைசர் துடிப்பு மிதிகட்டை சுழலும் வேகத்தோடு அப்படியே பொருந்தி உட்காருகிறது. வெட்டவெளியில் இரண்டு சைக்கிள்கள் பக்கத்துப் பக்கமாகப் போகும்போது வசனம் எதுவும் தேவைப்படவில்லை.

பிறகு ஆப்பிளாக வரும் லோரான்ஸ் லபேஃப். அகல விரிந்த கண், ஓயாத பேச்சு, அளவுக்கு மிஞ்சிய சந்தோஷம், கையில் ஆயுதமாகத் தடியில் கட்டிய ஒரு தோட்டத்துக் குள்ளன் பொம்மை. இன்னொரு நடிகை செய்திருந்தால் பத்து நிமிடத்தில் தலைவலி வந்திருக்கும். இவரோ முதலில் தொல்லையாக வந்து, பாதிப் படத்துக்குள் இவர் இல்லாமல் அந்தப் பாழ்நிலத்தில் ஒரு நிமிடமும் இருக்க முடியாது என்றாக்கிவிடுகிறார். அந்தச் சந்தோஷத்துக்குக் காரணம் தெரியவரும் இடத்தை இங்கே சொல்லமாட்டேன். சொன்னால் படத்தின் உயிரையே எடுத்தது போலாகிவிடும்.

ஸியூஸாக மைக்கேல் அயர்ன்சைட். தலை வெடிக்கும் காட்சிக்குப் பேர்போன குரோனன்பர்க்கின் 'ஸ்கேனர்ஸ்' இந்த நகரத்தில்தான் எடுக்கப்பட்டது. 1981இல் அதில் மிரட்டியவரை 34 ஆண்டு கழித்து மொன்றியல்காரர்களே கூட்டிவந்தது நல்ல மரியாதை. தணிந்த குரலில் அவர் பேசும்போது முதுகு சில்லிடுகிறது. ஆனால் திரைக்கதை அவருக்குப் பேச்சைத் தவிர வேறொன்றும் தரவில்லை. பையனின் பெற்றோருக்கு என்ன நடந்தது என்பதை நாம் வெகு முன்பே ஊகித்துவிடுகிறோம்.

இரத்தம் இன்னொரு குறை. கணினியை அதிகம் நம்பாமல் ரப்பரும் குழாயும் வைத்துச் செய்த கைவேலை அது. அந்த உழைப்பை மதிக்கிறேன். ஒருவன் குடலைச் சைக்கிள் சக்கரத்தில் சுற்றியெடுக்கும் காட்சி கொடூரமானது, ஆனால் அந்த உலகத்துக்கே உரியது. அதற்குப் பிறகும் பீறிட்டுக்கொண்டே இருந்தால் சாவுக்கு எடை இல்லாமல் போகிறது. கடைசியில் ஒரே ஒரு சாவுக்காக நம்மை அழச் சொல்லும்போது படம் மிகவும் சிரமப்பட வேண்டியிருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த ஓர் அண்ணரோடு இதைப் பார்த்தேன். பாதியில் கேட்டார்: "இவங்கள் டியூப்புக்கு எங்க போறாங்கள்? ஒருத்தனும் ஒட்டுப் போடக் காணேல்லையே."

படத்தின் பெரிய ஓட்டையை அவர் ஒரே கேள்வியில் தொட்டுவிட்டார். தண்ணீருக்காக மனித உடம்பையே பிழியும் இயந்திரம் இருக்கிறது. தாகம் இல்லை. ஒரு உதடும் வெடித்திருக்கவில்லை. பையன் வாக்மேனில் பாட்டுக் கேட்டுக்கொண்டு போகிறான். பேட்டரி எங்கிருந்து வந்தது? யாழ்ப்பாணத்தில் நாங்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் ரேடியோ கேட்டோம். ஒருவர் சுற்ற, நாலு வீட்டார் செய்தி கேட்பார்கள். கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும். இல்லாமையிலிருந்து பிறக்கும் இந்தத் தந்திரங்களில் ஒன்றிரண்டு இருந்திருந்தால் அந்த உலகம் பொம்மைக்கடையாகத் தெரியாமல் ஊராகத் தெரிந்திருக்கும்.

பணம் இருந்தால் இது சரியாகிவிடும் என்றும் தோன்றவில்லை. 2024இல் வந்த 'கல்கி 2898 ஏடி' படத்துக்காகக் கோயம்புத்தூரில் ஆறு டன் எடையில் 'புஜ்ஜி' என்ற வாகனத்தையே செய்தார்கள். அந்தப் பட்டறை வேலை பிரமாதம். ஆனாலும் வறண்டுபோன கங்கைக்கரையில் நிற்கும் காசிச் சனத்தின் தொண்டை வறட்சியை எனக்கு அந்தப் படமும் உணர்த்தவில்லை.

படம் முடிந்த பிறகு அண்ணர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். நான் வாங்கி வந்த கோர்ட்லண்டில் ஒன்றை எடுத்து நாலாக வெட்டினார். ஒரு துண்டை என்னிடம் நீட்டியபடி, "அந்தப் பிள்ளை முதல்ல சைக்கிள்ல ஏறிச் சிரிக்கிற இடத்தை இன்னொருக்காப் போடுங்கோ" என்றார்.