பதில் வராத கடிதம்

1982 மே மாதம் பாரிஸில் இரண்டு பேர் ஒரு கடிதம் எழுதினார்கள். விரைவுச்சாலைக் கம்பெனியின் இயக்குநருக்கு. எங்களிடம் ஒரு வேன் இருக்கிறது. பாரிஸிலிருந்து மார்செய் வரை உங்கள் சாலையை விட்டு ஒருமுறைகூட வெளியே இறங்காமல், ஒரு நாளைக்கு இரண்டு ஓய்விடங்கள் வீதம் தங்கித் தங்கிப் போக விரும்புகிறோம். அனுமதிக்க வேண்டும் – சாரம் இவ்வளவுதான். பதில் வரவில்லை. மே 23 அன்று அவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

எழுதியவர்களில் ஒருவர் ஹூலியோ கொர்த்தஸார், வயது 67. இன்னொருவர் கரோல் டன்லப், வயது 36. வேன் சிவப்பு நிற ஃபோக்ஸ்வேகன். உள்ளேயே படுக்கை, சமையல் எல்லாம். வாக்னரின் இசைநாடகத்தில் புதையலைக் காத்துக் கிடக்கும் டிராகனின் பெயரை அதற்கு வைத்திருந்தார்கள்: ஃபாஃப்னர். சுமார் 800 கிலோமீட்டர், சாதாரணமாகப் பத்து மணி நேரப் பாதை. இவர்களுக்கு ஒரு மாதம் ஆனது. ஜூன் 23இல்தான் மார்செய். ஸ்பானிய மொழியிலும் பிரெஞ்சிலும் 1983இல் வந்த அந்தப் புத்தகத்தின் தலைப்பைச் 'சாலைப் பிரபஞ்சத்தின் காரோடிகள்' என்று சொல்லிக்கொள்ளலாம்.

இதை ஒரு முதிய எழுத்தாளரின் கடைசி விளையாட்டு என்று வாசிப்பவர்கள் உண்டு. 'இதுல என்ன தோழர் இருக்கு, கையில காசு இருக்கிறவன் வேன்ல ஊர் சுத்தறான்' என்று கேட்கிற நண்பர்களும் நம்மிடையே உண்டு. இரண்டு வாசிப்புமே பிரதிக்குள் நுழையாமல் வாசலிலேயே நின்றுவிடுகின்றன.

விரைவுச்சாலை வெறும் தார்ப்பரப்பு இல்லை. அது நேரத்தை விற்கும் யந்திரம். சுங்கம் கட்டுகிறாய், வேகம் தரப்படுகிறது. ஓய்விடமும் அந்த வேகத்துக்குச் சேவகம் செய்வதுதான்: மூத்திரம் போ, காபி குடி, மறுபடியும் ஓட்டு. அந்த நிறுத்தத்தையே ஊராகவும் சாலையை அதை எட்டும் ஒற்றையடிப் பாதையாகவும் ஆக்கியதுதான் இந்த இருவர் செய்த காரியம். கொலம்பஸ் காலத்துக் கண்டுபிடிப்பாளர்களின் பதிவேடு மாதிரி வெப்பநிலை, உணவு, திசை எல்லாம் குறித்துக்கொள்கிறார்கள். குறிக்கப்படுவதோ குப்பைத் தொட்டியும் மரநிழலும் லாரி நிறுத்துமிடமும்தான். காலனியப் பயணியின் 'பார்வை' தன் கம்பீரத்தை இழந்து சிரிப்புக்குள்ளாகிறது. இது சும்மா வேடிக்கை இல்லை.

கொர்த்தஸார் 1966இல் எழுதிய 'தெற்கு விரைவுச்சாலை' கதையை இங்கே நினைத்துக்கொள்ளலாம். பாரிஸுக்குத் திரும்பும் கார்கள் நாள்கணக்கில் நெரிசலில் அசையாமல் நிற்கின்றன. பக்கத்துக் கார்க்காரர்கள் தண்ணீரையும் உணவையும் பங்கிட்டு ஒரு சிறு கம்யூனாகவே ஆகிவிடுகிறார்கள். கடைசியில் நெரிசல் விலகுகிறது, வேகம் திரும்புகிறது, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் போகிறது. அங்கே நிற்பது விபத்து. ஓடத் தொடங்கியதும் உறவு அறுந்தது. பதினாறு வருஷம் கழித்து அதே சாலையில், நிற்பதை ஒரு தீர்மானமாக எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறார். இந்த முறை கம்யூனில் இரண்டே பேர்.

இதெல்லாம் சரி. என் கேள்வி அந்தக் கடிதத்தைப் பற்றியது. பதில் வரவில்லை, ஆகவே கிளம்பினார்கள். அதிகாரத்தின் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள யாரால் முடியும்?

அதே 1982இல், அதே பிரான்சில், வண்டியிலேயே பிறந்து வண்டியிலேயே வாழ்ந்த மக்கள் இருந்தார்கள். அரசு அவர்களைப் 'பயண மக்கள்' என்று குறிப்பிடும். மற்றவர்கள் 'ஜிப்ஸி' என்பார்கள். 1912ஆம் வருஷச் சட்டம் அவர்களுக்குப் புகைப்படமும் கைரேகையும் உடல் அளவுகளும் பதிந்த ஒரு அடையாளப் புத்தகத்தைக் கொடுத்தது. 1969 ஜனவரி 3ஆம் தேதிச் சட்டம் அதை எடுத்துவிட்டு வேறு தாள்களைக் கொடுத்தது. நிலையான வருமானம் இல்லாதவர் சுற்றுப்புத்தகம் வைத்திருக்க வேண்டும், அதில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை முத்திரை வாங்க வேண்டும். புத்தகம் இல்லாமல் சுற்றினால் மூன்று மாதம் முதல் ஒரு வருஷம் வரை சிறை. ஏதாவது ஓர் ஊரோடு பெயரை இணைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அப்படி இணைபவர்கள் அந்த ஊர் மக்கள்தொகையில் நூற்றுக்கு மூன்று பேருக்கு மேல் போகக் கூடாது. மூன்று வருஷம் தொடர்ந்து இணைந்திருந்தால்தான் ஓட்டு. ஃபாஃப்னர் ஓய்விடங்களில் நின்றுகொண்டிருந்த அந்த ஒரு மாதமும் இந்தச் சட்டம் அமலில் இருந்தது.

நமக்கு இது அந்நியமான கதை இல்லை. 1911ஆம் வருஷக் குற்றப்பரம்பரைச் சட்டத்தை 'ரேகைச் சட்டம்' என்றுதான் நம் கிராமங்களில் சொல்வார்கள். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்கி நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்கள். அந்த ரேகையை எதிர்த்து நின்றவர்கள்மேல்தான் 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச்சூடு நடந்தது. பிரான்சில் 1912, இங்கே 1911. நகர்கிற உடம்பைக் கண்டு அரசு பயந்தபோது இரண்டு இடத்திலும் கையில் எடுத்தது மைப்பெட்டியைத்தான்.

ஆக, நகர்வதற்கு அனுமதி கேட்பது ஒருவருக்கு இலக்கிய உத்தி, இன்னொருவருக்குத் தினப்படி வாழ்க்கை. பிடித்து வெளியேற்றிவிடுவார்களோ என்ற பயம் இந்தப் பிரதியில் ஒரு குறும்பாக வருகிறது. சுற்றுப்புத்தகம் வைத்திருப்பவனுக்கு அது குறும்பு அல்ல.

இதைச் சொல்லி இந்தப் புத்தகத்தைத் தூக்கி எறிய நான் தயாரில்லை. கொர்த்தஸாருக்குத் தாள்களின் கனம் தெரியும். 1951லிருந்து பிரான்சில் இருந்தவருக்குக் குடியுரிமை கிடைத்தது 1981இல்தான். சொந்த நாட்டில் 1976லிருந்து ராணுவ ஆட்சி. அந்த ஆட்சி தொடங்கிய மால்வினாஸ் போர் இந்தப் பயணத்தின் நடுவே, ஜூன் 14இல், தோல்வியில் முடிந்தது. புத்தகத்தின் உரிமைத்தொகை நிகரகுவாவின் சாண்டினிஸ்டா மக்களுக்குப் போனது. 'குட்டி பூர்ஷ்வா' என்று முத்திரை குத்தி முடித்துவிட முடியாத வாழ்க்கை இது. அதனால்தான் கேள்வி இன்னும் கூர்மையாகிறது: இவ்வளவு தெரிந்தவர்களுக்கே தங்கள் சுதந்திரம் எதன்மீது நிற்கிறது என்பது விளையாட்டின் வெளியில் தங்கிவிடுகிறது என்றால், நம் பயணக் கட்டுரைகளைப் பற்றி என்ன சொல்ல?

இன்னொரு மௌனமும் இருக்கிறது, அது விமர்சகர்களுடையது. அட்டையில் இரண்டு பெயர். பிரதிக்குள் அவர் 'ஓநாய்', அவள் 'குட்டிக் கரடி'. இரண்டு பேரும் எழுதினார்கள். டன்லப் எழுத்தாளர், புகைப்படக்காரரும்கூட. ஆனால் எங்கே பார்த்தாலும் 'கொர்த்தஸாரின் பயண நூல்' என்றே பேச்சு. கூடப் போனவள், துணைவி, அகாலத்தில் செத்தவள் – இவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்த இடம். 1982 நவம்பர் 2இல் டன்லப் இறந்தார். மிச்ச வேலையை முடித்து, அந்தச் சாவை வாசகருக்குச் சொல்லும் பின்குறிப்பை டிசம்பரில் எழுதியவர் கொர்த்தஸார். 1984 பிப்ரவரி 12இல் அவரும் போனார். மொம்பர்னாஸில் ஒரே கல்லறை. கல்லறையைப் பகிர்ந்துகொடுத்த உலகம் நூலைப் பகிர்ந்துகொடுக்கவில்லை.

பிரான்சில் சுற்றுப்புத்தகத்தை 2012இல் அரசியல் சாசன அவை ரத்து செய்தது. மிச்சச் சட்டம் போனது 2017 ஜனவரியில். அதாவது, ஃபாஃப்னர் கிளம்பி முப்பத்துநான்கு வருஷங்களுக்கு மேல் கழித்து. இன்று வேனில் வாழ்வது ஒரு மோஸ்தர். ஜோடியாகக் கிளம்புகிறவர்கள் படங்கள் போடுகிறார்கள், நாமும் பார்த்து ஏங்குகிறோம். ஏங்குவதில் தப்பில்லை. அந்த வேன் நிற்கிற இடத்திலிருந்து அதற்கு முன்பு யார் எழுப்பி அனுப்பப்பட்டார்கள், வண்டியை ஓட்டியவர் எழுதினாரா, பக்கத்தில் உட்கார்ந்தவரா – இந்த இரண்டையும் கேட்டுவிட்டு ஏங்குவோம்.