பழி ஓரிடம்: டான்யூப் அணையும் கருங்கடலும்

அணை கட்டினால் கடலுக்குப் போகும் சத்து குறையும் என்று பேச்சு வரும்போதெல்லாம் ஆதாரமாகக் காட்டப்படும் கட்டுரை ஒன்று உண்டு. 1997-ல் நேச்சர் இதழில் ஹம்போர்க் குழுவினர் எழுதியது. டான்யூப் அணை கருங்கடலின் உயிர்ச்சூழலையே மாற்றிவிட்டது என்பது அதன் வாதம். சமீபத்தில் அதை நிதானமாக மறுபடி படிச்சேன். பாதி ஒப்புக்கொள்கிறேன். மீதி பாதி உறுத்துது.

முதலில் வாதம் என்னன்னு பார்ப்போம். பாறைகள் கரைந்து சிலிக்கா ஆற்றில் கலக்கிறது. கடலில் டயட்டம் என்ற நுண்பாசி அந்தச் சிலிக்காவை எடுத்துத் தனக்குக் கண்ணாடி ஓடு கட்டிக்கொள்கிறது. பல கடல்களில் மீன்களின் உணவுச் சங்கிலி இந்த டயட்டத்தில்தான் தொடங்குது. செர்பியா - ருமேனியா எல்லையில் இருக்கும் 'இரும்புக் கதவு' அணை 1972-ல் செயல்பாட்டுக்கு வந்தது. அதன்பின் டான்யூப் கொண்டுவரும் சிலிக்கா மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. கருங்கடலின் மேல்நீரில் குளிர்காலச் சிலிக்கா 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. டயட்டம் பின்வாங்க, சிலிக்கா தேவைப்படாத மற்ற பாசிகள் பெருகின. ஆகவே அணைக்குப் பின்னால் தேங்கிய நீரில் டயட்டம் வளர்ந்து, செத்து, சிலிக்காவோடு அடியில் படிந்துவிட்டது என்பது முடிவு.

இந்தக் கட்டுரையின் பெரிய பலம், சத்தை வெறும் அளவாகப் பார்க்காமல் விகிதமாகப் பார்த்தது. நைட்ரஜன் ஏறி சிலிக்கா இறங்கினால், மொத்தச் சத்து கூடியிருந்தாலும் கடலில் வளரும் பாசியின் வகையே மாறிப்போகும். இன்றைக்கும் இதை மறுக்க முடியாது.

உறுத்துவது 'ஆகவே' என்ற அந்தச் சொல்தான். மென்பொருள் வேலையில் இது பழகின தப்பு. வெள்ளிக்கிழமை புது ரிலீஸ் போகும், திங்கட்கிழமை சர்வர் திணறும். எல்லாரும் ரிலீஸைக் கைகாட்டுவோம். லாக் எடுத்துப் பார்த்தால் காரணம் வேற எங்கேயோ இருக்கும். தேதி பொருந்தினால் சந்தேகப்படலாம். தீர்ப்பு எழுத முடியாது.

லாக் எடுத்துப் பார்க்கும் வேலையை 2004-ல் வெளியான ஒரு ஆய்வில் ஃப்ரீடல், டியோடோரு, வேர்லி ஆகிய மூவர் செய்தார்கள். முறை எளிது: நீர்த்தேக்கத்துக்குள் வரும் சிலிக்கா எவ்வளவு, வெளியே போவது எவ்வளவு? கணக்குப் போட்டதில், உள்ளே தங்கியது 5 சதவீதத்துக்குள்தான்! யோசித்தால் ஆச்சரியமில்லை. அது பரந்த ஏரி இல்லை, மலையிடுக்கில் நீளமாகக் கிடக்கும் தேக்கம். தண்ணீர் ஒரு வாரம், பத்து நாளில் கடந்து போய்விடும். டயட்டம் செழித்து அடியில் படிய அது போதாது.

ஒரு நியாயமான எதிர்க்கேள்வி இருக்கு. எழுபதுகளில் நடந்ததை முப்பது வருஷம் கழித்து அளந்தால் சரியா? முழுக்கச் சரி இல்லைதான். ஆனால் மூன்றில் இரண்டு பங்கை விழுங்கியதாகச் சொல்லப்படும் அணை, அதே இடத்தில் நின்றுகொண்டு இப்போது ஏன் விழுங்கவில்லை? இதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு பழி போட்டவர்களுடையது. மேலே ஆற்றின் தலைப்பகுதியிலும் கிளையாறுகளிலும் ஏராளமான தேக்கங்கள் இருக்கு. உரம் கலந்து கொழுத்த ஆற்று நீரிலேயே டயட்டம் வளர்ந்து சிலிக்காவைத் தின்றிருக்கவும் முடியும். அப்படியானால் ஒரே ஒரு பெரிய குற்றவாளி கிடையாது.

கடலே ஒரு சோதனையும் நடத்திக் காட்டியது. 1990 வாக்கில் கருங்கடலின் வடமேற்குத் திட்டில் ஆக்சிஜன் குறைந்த பரப்பு 40,000 சதுர கி.மீ. வரை விரிந்திருந்தது. கிழக்கு ஐரோப்பாவில் ஆட்சிகள் கவிழ்ந்து உர மானியம் நின்றது. வயலில் உரம் குறைந்தது. சில வருடங்களில் அந்தப் பரப்பு வெகுவாகச் சுருங்கியது. அணை அப்படியேதான் நின்றது. டயட்டப் பிரச்சினையும் ஆக்சிஜன் பிரச்சினையும் ஒன்றல்ல என்பது உண்மை. ஆனாலும் கடலின் சீரழிவில் வயலுக்கு எவ்வளவு பங்கு இருந்தது என்பது இதில் தெரியுது.

அப்போ அணை நிரபராதியா? அதுவும் இல்லை. அதே தேக்கம் டான்யூபின் வண்டலைப் பெருமளவு பிடித்து வைக்கிறது. டெல்டாவின் கரை அரிக்கப்படுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். இந்தக் குற்றத்துக்கு நேரடி ஆதாரம் இருக்கு.

இத்தனையும் எதுக்குன்னா, பழி தப்பான இடத்தில் விழுந்தால் மருந்தும் தப்பான இடத்துக்குத்தான் போகும். அணையைத் திட்டிக்கொண்டே இருந்தால் வயலில் கொட்டும் உரத்தை யாரும் கேட்க மாட்டார்கள். அணைகளை எதிர்ப்பவர்கள் இந்தச் சிலிக்காக் கதையை விட்டுவிட்டு வண்டலைப் பேசலாம். வாதம் வலுவாகவே நிற்கும்.