தோலுக்கடியில் ஒரு மணம்

நவம்பரின் நான்காம் வியாழக்கிழமை அமெரிக்காவில் நன்றி நவிலல் நாள். அன்றைய விருந்தின் நடுநாயகம் முழு வான்கோழி. அதற்கான வேலை முந்தின நாளே தொடங்கிவிடும். உள்ளும் புறமும் உப்புத் தடவி, மூடாமல் ஃபிரிட்ஜில் வைப்பார்கள். உப்பு மெல்லக் கறிக்குள் இறங்கும். தோலின் ஈரம் வற்றும். வெந்தபின் தோல் மொறுமொறுவென்று வருவது அதனால்தான்.

மறுநாள் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். சாம்பல் பூத்த பச்சையில், தொட்டால் வெல்வெட்டாக இருக்கும் சேஜ் இலை. கூடவே தைம், ரோஸ்மேரி. மூன்றையும் பொடியாக நறுக்கி, இளகிய வெண்ணெயில் பூண்டோடு பிசைகிறார்கள். நெஞ்சுப் பக்கத் தோலைக் கிழியாமல் விரலால் நெகிழ்த்தி, அந்த வெண்ணெயை உள்ளே தள்ளிப் பரப்புகிறார்கள். இந்த இலைகளின் மணம் கொழுப்பில் கரையும். வெண்ணெய் உருக உருக, வாசனையும் கறியின் மேல் படர்கிறது. தோலுக்கு மேலே தூவிய இலை சூட்டில் கருகிவிடும். அடியில் இருப்பது பத்திரம். கொழுப்புக் குறைந்த நெஞ்சுக்கறிக்கு இதைவிட நல்ல துணை இல்லை.

கறியின் உள்வெப்பம் 74 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் இறக்கி, அரைமணி நேரம் ஆறவிட்டு வெட்டுங்கள். உப்பு, வெண்ணெய், மூன்று இலை, கொஞ்சம் பொறுமை. பெரிய விருந்துக்கு இவ்வளவே போதும்.